மூணு ஹெபடைட்டிஸ் பி ஊசியும் போட்டாச்சு, டெஸ்டில் 6.4 தான் வந்திருக்கு. பிள்ளைக்கு இனி என்ன செய்யணும்?

கருங்கல்_அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். எனக்க மகள் பி.எஸ்சி. நர்சிங் ரெண்டாம் வருஷம் படிக்கிறாள். சேர்ந்த உடனே ஹெபடைட்டிஸ் பி ஊசி மூணு தடவை போடணும்னு சொன்னாங்க, போட்டாச்சு. இப்போ கிளினிக்கல் போஸ்டிங் தொடங்குறதுக்கு முன்னால ஊசி பிடிச்சிருக்கான்னு ரத்தம் பார்த்து ரிப்போர்ட் கொண்டு வரச் சொல்லிட்டாங்க. ஒரு லேபில் கொடுத்தோம். ஆன்டி எச்பிஎஸ் 6.4, பக்கத்தில் 'நான் ரியாக்டிவ்'னு அடிச்சு வந்திருக்கு.

லேபில் இருந்த பையன் "ஊசி பிடிக்கல்ல, எல்லாம் முதல்லேருந்து போடணும்" என்கிறான். பக்கத்து வீட்டில் ஒரு அக்கா, "நான் ரியாக்டிவ்னா தீனம் இல்லைன்னு அர்த்தம், சந்தோஷப்படு" என்கிறாங்க. காலேஜில் கேட்டால் டாக்டரைப் பாருங்க என்கிறாங்க. படிச்சு முடிச்சு வெளிநாடு போவாள்னு லோன் எடுத்துச் சேர்த்த பிள்ளை. இதனால விசாவுக்கு ஏதாவது தடை வருமா? எங்களுக்கு ஒண்ணும் பிடிகிட்டல்ல. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

தக்கலை_லேப்:

அக்கா, முதல்ல பேடிக்காதீங்க. நான் ஆஸ்பத்திரி லேபில்தான் வேலை பார்க்கிறேன். இந்தக் குழப்பம் எங்க கவுன்டரில் தினமும் நடக்கிறது.

ரெண்டு டெஸ்டுக்கும் பேர் கேட்க ஒண்ணுபோல இருக்கும். எச்பிஎஸ்ஏஜி என்பது ஈரலைத் தாக்குற ஹெபடைட்டிஸ் பி வைரஸின் மேல்தோல் ரத்தத்தில் இருக்கான்னு பார்க்கிறது. அதில் 'நான் ரியாக்டிவ்' வந்தால் கிருமி இல்லை, நல்லது. உங்க பக்கத்து வீட்டு அக்கா அதைத்தான் நினைச்சுச் சொல்லியிருக்காங்க. ஆன்டி எச்பிஎஸ் என்பது அந்தக் கிருமிக்கு எதிரா உடம்பு உண்டாக்கின ஆன்டிபாடி எவ்வளவுன்னு அளக்கிறது. இதில் ரியாக்டிவ்னு வரணும். ஒரு மில்லி ரத்தநீரில் 10 மில்லி யூனிட்டோ அதுக்கு மேலோ இருந்தால் பாதுகாப்பு உண்டுன்னு உலகம் பூரா எடுத்துக்கிறாங்க. 6.4 அந்தக் கோட்டுக்குக் கீழே.

இதுக்கு நேர் எதிரா நடக்கிறதும் உண்டு. ஊசி நல்லாப் பிடிச்ச ஒரு பிள்ளைக்கு ஆன்டி எச்பிஎஸ் 480, ரியாக்டிவ்னு ரிப்போர்ட் வந்தது. தகப்பனார் ரிப்போர்ட்டைக் கையில பிடிச்சுக்கிட்டு பெஞ்சில் இருந்து அழுதாரு, பிள்ளைக்குத் தீனம் வந்துட்டுதுன்னு. நான் பக்கத்தில் இருந்து அந்த வரியை விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டிச் சொன்ன பிறகுதான் மனுஷனுக்கு மூச்சு வந்தது.

இன்னொண்ணு. கவுன்டரில் வந்து "பி டெஸ்ட்" என்று மட்டும் சொன்னால் பெரும்பாலும் எச்பிஎஸ்ஏஜி கார்டு டெஸ்ட்தான் செய்து கொடுப்பாங்க. ஊசி பிடிச்சிருக்கான்னு பார்க்க அது உதவாது. "ஆன்டி எச்பிஎஸ், அளவோட வேணும்"னு கேட்கணும். அளவு சொல்லாத கார்டு ரிப்போர்ட்டை வாங்காதீங்க. வெறும் வயிற்றில் வர வேண்டிய அவசியமும் இல்லை.

இனி நீங்க எனக்கு மூணு காரியம் சொல்லணும். கடைசி ஊசி எந்த மாசம் போட்டது? ரத்தம் எந்தத் தேதி கொடுத்தது? ஊசி உடம்பில் எந்த இடத்தில் போட்டது? இது தெரியாமல் 6.4க்கு யாரும் பதில் சொல்ல முடியாது.

குளச்சல்_கடலோடி:

நல்ல நேரத்தில் இழை தொடங்கினீங்க. எங்க வீட்டில் நானும் பெண்டாட்டியும் போன வருஷம் ஊசி போட்டோம். பிள்ளைகளுக்குச் சின்னதில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டது. எல்லாருமா சேர்ந்து இந்த டெஸ்ட் எடுத்துவிடலாமா? ஒரு பாக்கேஜ் இருக்குன்னு போனில் கூப்பிட்டுச் சொன்னாங்க.

வடசேரி_சிஸ்டர்:

கடலோடி அண்ணே, வேண்டாம். அந்தக் காசுக்குப் பிள்ளைகளுக்கு நல்ல மீன் வாங்கிக் கொடுங்க.

நான் ஆஸ்பத்திரித் தொற்றுத் தடுப்புப் பிரிவில் நர்ஸ். ஸ்டாஃப் எல்லாருக்கும் டைட்டர், அதாவது ரத்தத்தில் உள்ள ஆன்டிபாடி அளவு, பார்த்து ரெஜிஸ்டர் எழுதுகிறது எனக்க வேலை. அதனால கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சுகமா இருக்கிற, நாற்பது வயசுக்குள்ளே உள்ள நூறு பேருக்கு மூணு ஊசியும் முறையாப் போட்டால் தொண்ணூறு பேருக்கு மேல் ஊசி பிடிச்சுவிடும். அறுபது வயசில் இது முக்கால்வாசியாகக் குறையும். உடம்பு எடை கூடினவங்க, புகைபிடிக்கிறவங்க, சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவங்களுக்கும் பிடிக்கிறது குறைவு. ஆனாலும் ஊரில் எல்லாருக்கும் ஊசிக்குப் பிறகு டெஸ்ட் பார்க்கணும்னு எந்த வழிகாட்டுதலிலும் இல்லை. முடிவு தெரிஞ்சு நாம செய்கிற காரியம் மாறும் என்றால்தான் டெஸ்ட்.

மாறுகிறது யாருக்கு? ரத்தத்தோடு வேலை செய்கிறவங்களுக்கு. நர்ஸ், டாக்டர், லேப் ஆட்கள், பல் டாக்டர் கிளினிக்கில் நிற்கிற பிள்ளைகள், ஆஸ்பத்திரிக் கழிவு அள்ளுகிற துப்புரவுப் பணியாளர்கள். இந்தக் கடைசிக் கூட்டத்தை நிறைய இடத்தில் மறந்துவிடுறாங்க, எனக்கு அதில் தீராத வருத்தம் உண்டு. முறையா அழிக்காமல் தூக்கிப் போட்ட ஊசி முதலில் குத்துகிறது அவங்க கையில்தான். பின்னே டயாலிசிஸ் நோயாளிகள், எச்ஐவி உள்ளவங்க, கிருமி உள்ளவரின் கணவன் அல்லது மனைவி, கிருமி உள்ள தாய்க்குப் பிறந்த குழந்தை. இவ்வளவு பேருக்குத்தான் இந்த டெஸ்ட் வேணும்.

கிருமி உள்ள ஒருத்தருக்குப் போட்ட ஊசி, தடுப்பூசி போடாத நர்ஸ் கையில் குத்தினால் நூற்றுக்கு 6 முதல் 30 வரை தொற்ற வாய்ப்பு உண்டு. ஹெபடைட்டிஸ் சி என்றால் ஏறக்குறைய 2, எச்ஐவி என்றால் 0.3. எல்லாரும் எச்ஐவிக்குப் பயப்படுறாங்க, ஆனால் பி அதைவிடப் பல மடங்கு வேகமாத் தொற்றக்கூடியது. உலர்ந்த ரத்தத்தில்கூட 7 நாள் உயிரோடு கிடக்கும். டைட்டர் 10க்கு மேல் என்று ஒரு தடவை எழுதி வச்சிருந்தால், நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு ஊசி குத்தும்போது நான் நிம்மதியா "கையைச் சோப்பு போட்டுக் கழுவிட்டு வா மக்களே, ஹெபடைட்டிஸ் பிக்குப் பயம் வேண்டாம், மற்ற ரெண்டுக்கும் மட்டும் பார்ப்போம்" என்பேன். எழுதி வைக்காமல் இருந்தால் நடுராத்திரி இம்யூனோகுளோபுலின், அதாவது ரெடிமேட் ஆன்டிபாடி ஊசி, தேடி ஓடணும். விலை கூடின மருந்து, எல்லா இடத்திலும் கிட்டாது, 24 மணி நேரத்துக்குள் போட்டால்தான் முழுப் பலன்.

எப்போது பார்க்கணும் என்பதில்தான் பாதிப் பேர் தடுமாறுறாங்க. கடைசி ஊசி போட்டு 1 முதல் 2 மாசத்துக்குள். அப்போதுதான் ஆன்டிபாடி நல்ல உயரத்தில் நிற்கும். அந்தச் சமயத்தில் 10க்கு மேல் வந்துவிட்டால், பிறகு வருஷங்கள் கழிச்சு அளவு இறங்கினாலும் பாதுகாப்பு போகாது. உடம்புக்கு நினைவு உண்டு. வலையை மடிச்சு வச்சதனால மீன் பிடிக்க மறந்து போவீங்களா அண்ணே? அது போலத்தான். இந்தக் கிருமி உள்ளே நுழைஞ்சு நோயாக வெளிப்பட சராசரி 3 மாசம் எடுக்கும். அதுக்குள்ள பழைய நினைவணுக்கள் விழிச்சு ஆன்டிபாடியைக் குவிச்சுவிடும்.

அலாஸ்காவில் 1981ல் ஊசி போட்டவங்களை 30 வருஷம் கழிச்சுப் பரிசோதிச்சாங்க. பாதிப் பேருக்குத்தான் 10க்கு மேல் இருந்தது. கீழே இருந்தவங்களுக்கு ஒரே ஒரு பூஸ்டர் போட்டதும் பெரும்பாலானவங்களுக்கு மளமளன்னு ஏறிட்டு. அதனாலதான் பத்து வருஷம் கழிச்சு டெஸ்ட் எடுத்து, 3 வந்தது 5 வந்ததுன்னு கலங்கி நிற்கிறவங்களைப் பார்த்தால் எனக்குச் சங்கடமா இருக்கும். தேதி இல்லாத டைட்டருக்கு அர்த்தமே இல்லை.

கருங்கல்_அம்மா:

சிஸ்டர், லேப் தம்பி, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. மகளிடம் கேட்டேன். மூணாவது ஊசி ஜூன் கடைசியில். ரத்தம் கொடுத்தது ஆகஸ்ட் 10. முதல் ரெண்டும் காலேஜில் கையில் போட்டாங்க. மூணாவது நேரம் லீவுக்கு வீட்டில் இருந்தாள், அதனால பக்கத்தில் ஒரு கிளினிக்கில் போட்டோம். அது இடுப்பில். கையில் வீங்கும், இடுப்பில் போட்டால் வலி தெரியாதுன்னு சொன்னாங்க.

ஓய்வு_கிராமசெவிலி:

நில்லுங்க, நில்லுங்க. காரியம் அங்கேதான் கிடக்குது.

நான் கிராம சுகாதார செவிலியா இருந்து ஓய்வு பெற்றவள். கல்குளம், விளவங்கோடு பக்கம் நான் நடக்காத ஊர் இல்லை. ஹெபடைட்டிஸ் பி ஊசி பெரியவங்களுக்குத் தோள்பட்டைத் தசையில் மட்டும்தான் போடணும். கைக்குழந்தைக்குத் தொடையின் முன்பக்கம், வெளி ஓரமா. இடுப்பில் ஒருநாளும் போடக் கூடாது. இடுப்பில் கொழுப்பு கூடுதல், மருந்து தசைக்கு எட்டாமல் கொழுப்பிலேயே தங்கிடும், ஆன்டிபாடி சரியா எழும்பாது. 1985லேயே அமெரிக்காவில் இதைக் கண்டுபிடிச்சு, இடுப்பில் போட்டவங்களுக்கு டைட்டர் குறைவா வருதுன்னு அறிவிச்சுட்டாங்க. இடுப்பில் போட்ட டோஸைக் கணக்கில் எடுக்காதே, திருப்பிப் போடு என்பதுதான் முறை.

வலி தெரியாது என்கிற அந்தப் பேச்சு நம்ம ஊரில் பழைய பென்சிலின் காலத்துப் பழக்கம். எத்தனை கிளினிக்கில் சொல்லியிருக்கேன்! இப்பவும் மாறல்ல.

கூடவே ஒண்ணு கேட்கிறேன். அந்த கிளினிக்கில் மருந்தை எங்கே வச்சிருந்தாங்க? சுகாதார நிலையத்தில் ஐ.எல்.ஆர். என்கிற தடுப்பூசிக் குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் வச்சு, காலையும் மாலையும் தெர்மாமீட்டர் பார்த்து எழுதுவோம். சாதாரண ஃபிரிட்ஜில் ஃப்ரீசருக்கு அடியில் ஒட்டி வச்சால் இந்த மருந்து உறைஞ்சிடும். உறைஞ்ச ஹெபடைட்டிஸ் பி மருந்து திரும்ப இளகினாலும் வீரியம் இருக்காது. பார்வைக்குப் பால்கலங்கல் போல நல்ல மருந்தாட்டமே தெரியும். குப்பியைக் குலுக்கி வச்சால் கட்டி கட்டியா சீக்கிரம் அடியில் படியும், அதை வச்சுத்தான் நாங்க கண்டுபிடிப்போம். வெப்பம் கூடினால் கெடும்னு எல்லாருக்கும் தெரியும். குளிர் கூடினாலும் கெடும் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது.

வடசேரி_சிஸ்டர்:

அம்மா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. லேப் தம்பி இடம் எதுன்னு கேட்டதும் இதுக்காகத்தான்.

கருங்கல் அக்கா, உங்க மகளுக்கு ஊசி பிடிக்காத உடம்புன்னு இப்போதே முடிவு கட்ட வேண்டாம். ரத்தம் கொடுத்த நேரம் சரிதான், ஜூன் கடைசிக்கும் ஆகஸ்ட் 10க்கும் இடையில் ஒரு மாசத்துக்கு மேல் ஆச்சு. அதனால 6.4 என்பது நம்பக்கூடிய அளவு. ஆனால் மூணாவது டோஸ் போன இடம் சரியில்லை. கையில் ஒரு டோஸ் போடுங்க, 20 மைக்ரோகிராம், பெரியவங்களுக்குள்ள 1 மில்லி. அதுக்குப் பிறகு 1 முதல் 2 மாசத்துக்குள் திரும்ப அளவு பாருங்க. 10க்கு மேல் வந்தால் காரியம் முடிஞ்சது. அப்பவும் கீழே நின்றால், இடுப்பில் போட்டது கணக்கில் இல்லாததனால, இன்னும் மூணு டோஸ் போட்டு ரெண்டாவது சுற்றை முடிச்சு, ஒருதடவை கூடப் பார்க்கணும். லேபில் இருந்த பையன் சொன்னதுபோல இன்னைக்கே மூணையும் திரும்பத் தொடங்க வேண்டியதில்லை.

ஆறு டோஸும் சரியான இடத்தில் போட்டும் ஆன்டிபாடி வராதவங்க நூற்றுக்கு 5 பேருக்கும் குறைவு. அப்படி வந்தால்கூட நர்ஸ் வேலைக்குப் போகக் கூடாதுன்னு இல்லை. அவங்களுக்கு எச்பிஎஸ்ஏஜி, ஆன்டி எச்பிசி ரெண்டும் பார்த்து, கிருமி ஏற்கெனவே உள்ளே இருந்து அதனால ஊசி பிடிக்காமல் போச்சோன்னு உறுதி பண்ணணும். இல்லைன்னு தெரிஞ்சால், ஊசி குத்தும்போது இம்யூனோகுளோபுலின் ஒரு மாச இடைவெளியில் ரெண்டு தடவை வேணும்னு அவங்க ஃபைலிலேயே எழுதி வச்சுவிடுவோம்.

இதுக்கிடையில் போஸ்டிங் போகலாம். கையுறை போடணும், உபயோகிச்ச ஊசிக்கு மூடி திரும்பப் போடவே கூடாது, குத்திட்டால் யாருக்கும் பயந்து மறைக்கக் கூடாது. பதினெட்டு, பத்தொன்பது வயசுப் பிள்ளைகள் திட்டு வாங்கணுமேன்னு மறைச்சுவிடுதுங்க. அதுதான் எனக்கு எப்போதும் உள்ள பேடி. மகளிடம் இதை நீங்களே ஒருதடவை உட்கார்த்திச் சொல்லுங்க, அம்மா சொன்னால் மனசில் நிற்கும்.

மூலிகைத்தோட்டம்_பேச்சிப்பாறை:

இவ்வளவு ஊசியும் டெஸ்டும் எதுக்கு? நம்ம பெரியவங்க கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி அரைச்சு மோரில் கொடுத்துத்தான் காமாலையை மாத்தினாங்க. எங்க தோட்டத்திலேயே ரப்பர் மரத்துக்கு அடியில் நிறையக் கிடக்குது. பிள்ளைக்கு மாசம் ஒரு தடவை கொடுங்க, எந்த வைரஸும் அண்டாது.

தக்கலை_லேப்:

அண்ணே, கீழாநெல்லி மேல எனக்கும் மதிப்பு உண்டு. எனக்க பாட்டியும் கொடுத்திருக்காங்க. ஆனால் ரெண்டு காரியத்தைச் சேர்த்துக் குழப்பக் கூடாது.

மழைக்காலத்தில் குளத்து வெள்ளம், கிணற்று வெள்ளம் வழியா வருகிற காமாலை பெரும்பாலும் ஏ, இ வகை. அது பலருக்கும் தானாவே சில வாரத்தில் மாறும். பச்சிலை குடிச்சாலும் மாறும், குடிக்காவிட்டாலும் மாறும். பி வகை ரத்தம், உடலுறவு, பிரசவம் வழியா வருகிறது. பெரியவங்களுக்கு வந்தால் பெரும்பாலும் மாறிடும், நூற்றுக்கு 5 பேருக்கும் குறைவாத்தான் தங்கும். ஆனால் பிறக்கும்போது வந்த குழந்தைக்கு நூற்றில் 90க்கு தங்கிடும். கண்ணும் மஞ்சளாகாது, வலியும் இருக்காது. வருஷக்கணக்கில் ஈரலைத் தின்று சிர்ரோசிஸ் என்கிற ஈரல் சுருக்கம், புற்றுநோய் வரைக்கும் கொண்டு போகும்.

கீழாநெல்லியை விஞ்ஞானம் பார்க்காமல் விட்டதும் இல்லை. 1988ல் சென்னையில் எஸ்.பி. தியாகராஜன் குழு கீழாநெல்லி கொடுத்த பி நோயாளிகளில் பாதிக்கு மேல் பேருக்குக் கிருமி மறைஞ்சதுன்னு லான்செட் இதழில் எழுதினாங்க. இந்தக் கிருமியைக் கண்டுபிடிச்சு 1976ல் நோபல் பரிசு வாங்கின பாரூக் பிளம்பர்க்கும் அந்தக் கட்டுரையில் சேர்ந்திருந்தார். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேற நாடுகளில் செய்து பார்த்தப்போ அந்தப் பலன் கிட்டல்ல. நம்ம மண்ணின் செடியை மதிச்சுத்தான் அவ்வளவு பேர் சோதிச்சாங்க. அதுவும் நோய் வந்தவங்களுக்கு மருந்தாகத்தான். வராமல் தடுக்கிற ஆன்டிபாடியை அது உண்டாக்கும்னு யாரும் நிரூபிச்சதில்லை. ஒரு நர்சிங் பிள்ளை கையில் ஊசி குத்தினால் தோட்டத்துக் கீழாநெல்லி காப்பாத்தாது. இதை நம்பி யாரும் ஊசியை விட்டுவிடக் கூடாதுன்னுதான் இவ்வளவு எழுதுகிறேன், கோபம் வேண்டாம்.

மூலிகைத்தோட்டம்_பேச்சிப்பாறை:

கோபம் ஒண்ணும் இல்லை தம்பி. 1988 சங்கதி எனக்குப் புதுசு. எனக்க மருமகன் முடிவெட்டும் கடை வச்சிருக்கான். அவனும் ஊசி போடணுமா?

தக்கலை_லேப்:

போட்டால் நல்லது அண்ணே. சவரத்தில் ரத்தம் படும். ஒவ்வொருத்தருக்கும் புது பிளேடு என்பதையும் விடாமல் பார்க்கச் சொல்லுங்க. 0, 1, 6 மாசம், மூணு ஊசி, கையில். டெஸ்ட் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை.

திருவட்டாறு_மகன்:

சிஸ்டர் டயாலிசிஸ் நோயாளிகளைச் சொன்னீங்க. எனக்க அப்பா வாரம் ரெண்டு தடவை டயாலிசிஸ் போகிறார். ஊசி போட்டாச்சு, போன வருஷம் டைட்டர் 38 இருந்தது, இப்போ 8 என்கிறாங்க. இன்னொரு ஊசி போடணுமாம். வருஷம் கழிச்சு இறங்கினால் பரவாயில்லைன்னு மேலே சொல்லியிருக்கீங்க. பின்னே இது என்னத்துக்கு?

வடசேரி_சிஸ்டர்:

நல்ல கேள்வி தம்பி. நான் மேலே சொன்னது சுகமா இருக்கிறவங்களுக்கு. டயாலிசிஸில் உள்ளவங்களுக்கு அந்த நினைவை நம்ப முடியாது. சிறுநீரகம் கெட்டால் எதிர்ப்புச் சக்தியே மந்தமாயிடும், அளவு இறங்கினால் பாதுகாப்பும் இறங்கிடும். அதனாலதான் அவங்களுக்கு மருந்தும் இரட்டிப்பு, 40 மைக்ரோகிராம், 0, 1, 2, 6 மாசம்னு நாலு தடவை. வருஷம் ஒரு தடவை ஆன்டி எச்பிஎஸ் பார்த்து, 10க்குக் கீழே போனால் பூஸ்டர். அப்பாவுக்கு 8 வந்திருக்கு, அவங்க சொல்கிறது சரியான காரியம். மறுக்காமல் போடுங்க. ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக இணைச்சு வச்ச ரத்தக்குழாய்) இல்லாத கையில் போடச் சொல்லி நினைவூட்டுங்க.

எச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ் நோயாளிகளுக்குத் தனி மெஷின் இருக்கான்னும் கேட்டு வச்சுக்கோங்க. அது கேட்கிறது உங்க உரிமை, சங்கோஜம் வேண்டாம்.

பெயர்_வேண்டாம்:

இந்தக் கணக்கைப் புதுசாத் தொடங்கி எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் ரத்ததானம் கொடுத்தப்போ எச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ்னு தெரிஞ்சது. யாரிடமும் சொல்லல்ல. சாப்பிடுற தட்டு, டம்ளர் எல்லாம் பிரிச்சு வச்சிருக்கேன். எனக்கும் ரெண்டு பிள்ளைகளுக்கும் என்ன செய்யணும்?

வடசேரி_சிஸ்டர்:

தங்கச்சி, முதல்ல அந்தத் தட்டையும் டம்ளரையும் சேர்த்து வையுங்க. ஒண்ணா இருந்து சாப்பிடுறதாலயோ, ஒரே பாத்திரத்திலயோ, கட்டிப்பிடிக்கிறதாலயோ பி வராது. அவர் மனசு எவ்வளவு வேதனைப்படும்! பிரிச்சு வைக்க வேண்டியது சவர பிளேடு, பல் தேய்க்கிற பிரஷ், நகவெட்டி மட்டும்.

நீங்களும் பிள்ளைகளும் மூணு டெஸ்ட் சேர்த்து எடுங்க: எச்பிஎஸ்ஏஜி, ஆன்டி எச்பிஎஸ், ஆன்டி எச்பிசி. இந்த மூணாவது, கிருமி எப்போதாவது உடம்புக்குள் வந்து போயிருக்கான்னு காட்டும். ஊசி மட்டும் போட்டவங்களுக்கு அது நெகட்டிவாவே இருக்கும். உங்களுக்குக் கிருமியும் இல்லை, எதிர்ப்பும் இல்லைன்னால் 0, 1, 6ல் ஊசி போடுங்க. ரத்தம் எடுக்கிற அன்னைக்கே முதல் ஊசியும் போட்டுவிடலாம், ஆனால் ரத்தம் முதலில், ஊசி பிறகு. உங்களுக்கு இந்தக் கடைசி டெஸ்ட் கட்டாயம் வேணும், மூணாவது ஊசிக்கு 1 முதல் 2 மாசம் கழிச்சு. 10க்கு மேல் வந்ததுன்னு கையில் ரிப்போர்ட் கிட்டுகிற வரை ஆணுறை உபயோகியுங்க.

அவருக்கு ஈரல் டாக்டரைக் காட்டணும். பாசிட்டிவ் ஆன எல்லாருக்கும் மாத்திரை வேண்டியிருக்காது, வைரஸ் அளவும் ஈரல் நிலையும் பார்த்துத்தான் தீர்மானிப்பாங்க. தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் 2018 ஜூலை 28ல் தொடங்கினது, அதில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் போய்க் கேளுங்க. தனியாப் போகச் சங்கடமா இருந்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்க, நான் கூட வருகிறேன்.

ஓய்வு_கிராமசெவிலி:

தங்கச்சி, பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையைத் தேடி எடுத்து வச்சுக்கோ. தமிழ்நாட்டில் 2011 டிசம்பரிலிருந்து ஐந்து நோய்க்கான பென்டாவேலன்ட் ஊசியில் இதுவும் சேர்ந்தே போடுறோம், ஒன்றரை, ரெண்டரை, மூன்றரை மாசத்தில். பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஒரு டோஸ் வேற. கர்ப்பமா இருக்கிற பிள்ளைகள் யாராவது இதைப் படிச்சால் ஒண்ணு கவனிங்க. தாய்க்குக் கிருமி உண்டுன்னு தெரிஞ்சால் பிறந்த உடனே ஊசியோடு இம்யூனோகுளோபுலினும் குழந்தைக்குப் போடணும். ஊசி எல்லாம் முடிச்சு 9 முதல் 12 மாசத்தில் குழந்தைக்கு எச்பிஎஸ்ஏஜியும் ஆன்டி எச்பிஎஸ்ஸும் பார்க்கணும். அதுக்கு முன்னால பார்த்தால் போட்ட இம்யூனோகுளோபுலினே ரத்தத்தில் தெரிஞ்சு ஏமாத்திடும். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம்.

பெயர்_வேண்டாம்:

அழுதுகொண்டே படிச்சேன் அக்கா. தட்டை இன்னைக்கே சேர்த்து வச்சுடுறேன். தனிச்செய்தி அனுப்பியிருக்கேன்.

ஜித்தா_ஆரல்வாய்மொழி:

டூட்டி முடிஞ்சு இப்போதான் பார்த்தேன். கருங்கல் அக்கா விசா பற்றிக் கேட்டதுக்கு யாரும் பதில் போடல்ல.

வளைகுடா மெடிக்கலில் பார்க்கிறது எச்பிஎஸ்ஏஜி. அது பாசிட்டிவ் ஆனால்தான் அன்ஃபிட். ஆன்டி எச்பிஎஸ் குறைவா இருக்கிறதாலயோ கூடுதலா இருக்கிறதாலயோ விசா நிற்காது. வேலைக்குச் சேரும்போது ஆஸ்பத்திரியில் டைட்டர் கேட்பாங்க, குறைவா இருந்தால் அவங்களே ஊசி போடுவாங்க. எனக்கே அப்படித்தான். படிக்கும்போது போட்ட ஊசி, இங்கே வந்து பார்த்தப்போ 7 தான். ஒரு டோஸ் போட்டு ஒரு மாசம் கழிச்சுப் பார்த்தால் 1000க்கு மேல். சிஸ்டர் சொன்ன நினைவு எனக்க உடம்பிலேயே இருந்திருக்கு.

ஆனால் ஒரு காரியம் ரொம்ப முக்கியம். ஊசி போட்ட உடனே எச்பிஎஸ்ஏஜி டெஸ்ட் எடுக்கக் கூடாது. தடுப்பூசியில் இருக்கிறதே அந்த மேல்தோல் புரதம்தான். 18 நாள் வரைக்கும் ரத்தத்தில் அது லேசாத் தெரிஞ்சு, கிருமி இல்லாதவங்களுக்கே பாசிட்டிவ் காட்டலாம். மெடிக்கலுக்குத் தேதி கிட்டினால் ஊசியை அதுக்கு முன்னால ஒரு மாசமாவது தள்ளியே போட்டு முடிச்சுக்கணும். ரத்ததானம் கொடுக்கப் போகிறவங்களும் ஊசி போட்டதைச் சொல்லணும். டயாலிசிஸ் நோயாளிகளுக்கு இது இன்னும் கூடுதல் நாள் தெரியும், திருவட்டாறு தம்பி கவனிங்க.

கருங்கல்_அம்மா:

எல்லாருக்கும் என்ன சொல்லி நன்றி சொல்ல! சுகாதார நிலையத்தில் கேட்டு, இன்னைக்குக் காலையில் பிள்ளைக்கு இடது தோளில் ஊசி போட்டாச்சு. ரத்தம் கொடுக்க வேண்டிய தேதியை காலண்டரில் அவளே எழுதி வச்சிருக்காள். காலேஜிலும் சிஸ்டர் சொன்னதைச் சொன்னோம், போஸ்டிங்குக்கு வரலாம்னு சொல்லிட்டாங்க. இன்னைக்கு நல்லா சாப்பிட்டாள்.

ஜித்தா_ஆரல்வாய்மொழி:

கொள்ளாம் அக்கா. நாலு ஊசியோட தேதியும், மருந்துப் பேரும், பேட்ச் நம்பரும், போட்ட இடத்துச் சீலும் கையெழுத்தும் ஒரே தாளில் வாங்கி வையுங்க. இடுப்பில் போட்டதையும் மறைக்காமல் அப்படியே எழுதச் சொல்லுங்க. நாளைக்கு வெளிநாட்டில் இதைத்தான் கேட்பாங்க.

கருங்கல்_அம்மா:

பேட்ச் நம்பர் எங்கே இருக்கும்?

ஓய்வு_கிராமசெவிலி:

குப்பியில் ஒட்டின லேபிளில் சின்ன எழுத்தில் இருக்கும் மக்களே. ரெஜிஸ்டரிலும் எழுதியிருப்பாங்க. சுகாதார நிலையம் மூடுறதுக்கு முன்னால இன்னைக்கே போய்க் கேளு. பழைய கிளினிக்கில் ரெஜிஸ்டர் எழுதாமல் இருந்தால், மருந்து வாங்கின பில்லைத் தேடு, அதிலும் நம்பர் இருக்கும்.